இல்லமே முதற் கோயில்

ஒரு சமயம் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்கு எவ்வழியாற் செல்கின்றது என்பது ஆராயத்தக்க வினா. கோயில்கள் உண்டு, குருமார் உண்டு, திருநூல்கள் உண்டு, பாடசாலைகளும் உண்டு. இவை யாவும் கண்ணுக்குப் புலனாகும் வழிகள். கண்ணுக்கு எளிதிற் புலனாகாத வழி ஒன்றும் உண்டு. விளக்கேற்றும் வேளையில் தாயின் மடியிலிருந்து குழந்தை கேட்கும் சொற்களும், வயலிலிருந்தோ கடலிலிருந்தோ மீண்ட தந்தை உணவுக்கு முன் ஒரு கணம் தலைவணங்கி நிற்கும் காட்சியும், நோயுற்ற பாட்டியின் கட்டிலருகே குடும்பத்தார் ஒன்றுகூடிச் சொல்லும் செபமும் அவ்வழியைச் சேர்ந்தவை. முன்னைய வழிகள் அடைபட்ட காலத்திலும் பின்னைய வழி அடைபடுவதில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் விசுவாசமும் அன்பும் வளரும் முறையை அறிய விரும்புவோர் முதலில் மனங்கொள்ளவேண்டிய உண்மை இதுவேயாம்.

விசுவாசம் என்பது ஒரு கொள்கையை வாயினால் ஏற்றுக்கொள்ளுதல் மாத்திரம் அன்று; கண்ணாற் காணாத இறைவன்மீது நம்பிக்கை வைத்து, அந்நம்பிக்கைக்கு ஏற்ப நடத்தலும் ஆகும். அன்பு என்பது உள்ளத்தில் எழும் இனிய உணர்ச்சி மாத்திரம் அன்று. மற்றவர் நலத்துக்காகத் தன் வசதியை விட்டுக்கொடுத்தலும் ஆகும். இவ்விரண்டையும் பற்றிப் புத்தகங்களிற் படித்தறியலாம். ஆனால், படித்தறிந்த மாத்திரத்தில் இவை ஒருவனுக்கு உரியவை ஆகிவிடுவதில்லை. நீந்துதல் நீரிலே பழகிவருவது போல, நம்புதலும் அன்பு செய்தலும் பழகியே வருவன. அப்பழக்கத்தின் இருப்பிடம் இல்லம்.

இவ்வுண்மைக்கு இலங்கையின் வரலாறு தெளிவான சான்று ஒன்றைத் தருகின்றது. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் ஆட்சியில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்க ஆலயங்கள் பல எழுந்தன. 1658இல் ஒல்லாந்தர் அப்பகுதிகளைக் கைப்பற்றியதும் நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்க குருமார் நாட்டினின்றும் அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர் மரணதண்டனைக்கு உள்ளாவர் என்று கட்டளை பிறந்தது. ஆலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டிடங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. ஞானஸ்நானமும் திருமணமும் அத்திருச்சபையிலேயே நடைபெற்றுத் தோம்பிலே பதியப்படுதல் வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. அப்பதிவு இல்லாதார் அரச உத்தியோகம் பெறுதலும், முதுசச் சொத்துக்கு உரிமை நாட்டுதலும் அரிதாயின.

இதன் பயனாக ஒரே காலத்தில், ஒரே ஊரில், இரு வகைக் கிறிஸ்தவர் காணப்பட்டனர். ஒரு சாரார் தோம்பிலே பெயர் பதிந்தவர்கள். அவர்களுக்கு ஆலயமும் பாடசாலையும் அரசின் ஆதரவும் இருந்தன. மறு சாரார் கத்தோலிக்க விசுவாசத்தைக் கைவிட மனமில்லாதவர்கள். அவர்களுக்கு ஆலயம் இல்லை, குருவானவர் இல்லை, பாடசாலை இல்லை, அரசின் ஆதரவு இல்லாததோடு அதன் தண்டனையும் இருந்தது. அவர்களுட் பலர் அச்சத்தினால் வெளித்தோற்றத்துக்கு அரசின் ஆலயத்துக்குச் சென்றுவந்தனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. எனினும் வீட்டுக் கதவு சாத்தப்பட்ட பின்னர் அவர்களுடைய செபம் வேறாக இருந்தது.

அந்நிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. இந்த முப்பது ஆண்டு என்னும் கால அளவைச் சற்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1658இல் பிறந்த குழந்தையொன்று வளர்ந்து, மணஞ்செய்து, தானும் பிள்ளைகளைப் பெற்று, அப்பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் இடக் கற்றுக்கொடுக்கும் வயதை அடைவதற்கு அது போதிய காலம். அவ்வாறு கற்றுக்கொடுத்த தாய் தன் வாழ்நாளில் ஒரு பூசையைக் கண்டிருக்கமாட்டாள். ஒரு பிரசங்கத்தைக் கேட்டிருக்கமாட்டாள். அவளுக்குத் தெரிந்தவை யாவும் தன் தாயிடம் தெரிந்துகொண்டவை.

அக்குடும்பங்களின் கையிலிருந்த கருவிகள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது செபமாலை. அதற்குப் புத்தகம் வேண்டியதில்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை. மணிகள் இல்லாவிடத்து விரல்கள் போதும். கிறிஸ்துவின் பிறப்பும் பாடும் உயிர்ப்பும் அதனுள் வரிசையாக அடங்கியிருத்தலின், அதனைச் சொல்லிவருவோர் நற்செய்தியின் சாரத்தை அறியாமலே மனனஞ் செய்துவிடுவர். மற்றொன்று ஞானஸ்நானம். இன்றியமையாத வேளையில் எவரும் அதனைக் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் தொன்றுதொட்ட போதனை. ஆகவே குரு இல்லாதவிடத்தும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வழியிருந்தது. நோன்பு நாட்களும் திருநாட்களும் நினைவினாற் காக்கத்தக்கவை. இவ்வாறு ஆலயத்தில் நிகழவேண்டியவற்றுள் எவையெவை இல்லத்துக்குள் அடங்குமோ அவையெல்லாம் இல்லத்துக்குள் வந்து வாழ்ந்தன.

1687ஆம் ஆண்டில் கோவையைச் சேர்ந்த குருவானவர் ஒருவர், யோவான் என்னும் ஏவலாளரோடு கூலிக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். அவரே புனித யோசேவாஸ் அடிகள். மேற்கு இந்தியக் கரையிலுள்ள அக்கோவையில், பெனாலிம் என்னும் ஊரில் 1651இற் பிறந்தவர் அவர். கத்தோலிக்கர் எவரெனக் கேட்டறிதல் அவர்களுக்கும் தமக்கும் ஆபத்தாகும் என்பதை அவர் அறிவார். ஆதலின், கழுத்திலே செபமாலையைத் தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சையேற்றுச் சென்றார். சில வீட்டாரின் கண்கள் அச்செபமாலையில் தங்கி நின்றன. அந்தப் பார்வையினாலேயே தம் மக்கள் யார் என்பதை அடிகள் உணர்ந்துகொண்டார். தெருவிலே வெளிப்படாத விசுவாசம் வீட்டு வாசலிலே வெளிப்பட்டது. பின்னர் சில்லாலையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, இரவு வேளைகளில் வீடுகளிலே மறைவாகப் பூசை நிறைவேற்றிவந்தார். அவ்வாறு கூடியிருந்தோர் 1690ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு நத்தார் இரவில் ஒல்லாந்த அதிகாரிகளிடம் அகப்பட்டுத் தண்டனை பெற்றமையும் வரலாறு கூறும் செய்தி.

அடிகள் பின்னர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குச் சென்றார். ஊர்தோறும் குருவானவரை நிறுத்துதல் இயலாமையின், மூப்பர், அண்ணாவியார் என்னும் பொதுநிலையினரை நியமித்து, செபம் நடத்தவும் பிள்ளைகளுக்குப் போதிக்கவும் ஏற்பாடு செய்தார். 1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியபோது, உறவினராலும் கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கையினாற் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கமுஞ் செய்தார். அவர் 1711ஆம் ஆண்டு தை மாதத்திற் கண்டியிலே காலமானார். 2015ஆம் ஆண்டு சனவரி 14இல் கொழும்புக் காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அத்துணைப் பெரிய பணிக்கும் அவருக்கு நிலமாக அமைந்தவை, பெயர் அறியப்படாத சில வீடுகளில் பெயர் அறியப்படாத தாய்மார் காத்துவைத்த செபங்களே.

இனித் தோம்பிலே பெயர் பதிந்தவர்களின் நிலையை நோக்குதல் தகும். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கி ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. சமயப் பதிவினாற் கிடைத்த பயன் இல்லாதொழிந்தது. கத்தோலிக்கர்மீது விதிக்கப்பட்டிருந்த தடைகள் 1806இல் நீக்கப்பட்டன. அப்பொழுது தோம்பிலிருந்த பல்லாயிரம் பெயர்கள் பெயர்களாகவே நின்றன. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார், தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முன்னைய ஆலயங்கள் கூரையின்றிச் சிதைந்து கிடக்கக் கண்டனர். பதிவு செய்துகொண்ட மக்களிற் பெரும்பாலோர் தம் இல்லங்களில் சைவ சமயத்தையே பேணிவந்தனர். தடை நீங்கியதும் அதனை வெளிப்படையாக அனுட்டித்தனர். இதனை இகழ்ச்சியாகக் கூறுதல் பொருந்தாது. கத்தோலிக்க வீடு தன் விசுவாசத்தைக் காத்தது போலவே சைவ வீடும் தன் சமயத்தைக் காத்தது. எச்சமயம் இல்லத்தில் வாழ்ந்ததோ அதுவே நிலைத்தது. எது தோம்பில் மாத்திரம் வாழ்ந்ததோ அது தோம்போடு முடிந்தது.

இது சீர்திருத்தத் திருச்சபையின் கொள்கையில் உள்ள குறைபாட்டினால் நேர்ந்ததும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த புரட்டஸ்தாந்த மிசனரிமார், கட்டாயத்தை விடுத்து இல்லத்தை நாடியபோது, அதே மண்ணில் உறுதியான கிறிஸ்தவக் குடும்பங்கள் தோன்றின. ஆண்பிள்ளைகளுக்கு மாத்திரம் கல்வி கொடுத்தல் போதாது. வீட்டின் உயிர்நிலையாகிய பெண்பிள்ளைகளும் கற்றல் வேண்டும் என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். 1824இல் உடுவிலில் ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையொன்றைத் தொடங்கினார். 1840இல் அங்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார், மணஞ்செய்யாது, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பாடசாலையிற் பணிபுரிந்து, ஆயிரம் மக்களின் தாய் என்று போற்றப்பட்டார். அவரிடம் கற்ற பெண்கள் பலர் தம் வீடுகளிலே வேதவாசிப்பையும் குடும்ப செபத்தையும் வழக்கமாக்கினர். கத்தோலிக்க வீட்டில் செபமாலை செய்த பணியைப் புரட்டஸ்தாந்த வீட்டில் வேதாகமம் செய்தது. கருவி வேறு, இடம் ஒன்றே.

திருநூலும் இதற்கு முரணாக யாதும் கூறவில்லை. ஆதித் திருச்சபைக்கெனக் கட்டப்பட்ட ஆலயங்கள் இருந்தில. விசுவாசிகள் வீடுகளிலே கூடினர். கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதிகளின் வீட்டில் ஒரு சபை கூடிற்று. லீதியாள் என்னும் வணிகப் பெண் தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்று, அப்போஸ்தலரைத் தன் வீட்டில் தங்கச் செய்தாள். இளைஞனாகிய தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல் அப்போஸ்தலர், அவனுடைய விசுவாசம் முன்னர் அவன் பாட்டியிடத்திலும் தாயிடத்திலும் நிலைத்திருந்ததை நினைவூட்டுகிறார். நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித யோவான் கிறிசோஸ்தோமு குடும்பத்தைச் சிறிய திருச்சபை எனக் குறிப்பிட்டார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடும் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று கூறி, பெற்றோரே தம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதற் போதகர் என்று வற்புறுத்தியது.

பெற்றோர் போதகர் எனின், எங்ஙனம் போதிப்பர் என்னும் கேள்வி எழும். குழந்தை மொழியை அறியுமுன் முகத்தை அறிகின்றது. அழுதபோது எடுத்தணைக்கும் கை தவறாது வரும் என்பதே அது கற்கும் முதற் பாடம். அதுவே நம்பிக்கையின் தொடக்கம். பின்னர் ஒருநாள், வானகத்தில் ஒரு தந்தை உண்டு, அவர் கைவிடார் என்று அக்குழந்தைக்குச் சொல்லப்படும்போது, தந்தை என்னும் சொல்லின் பொருளைத் தன் வீட்டிலுள்ள தந்தையைக் கொண்டே அது விளங்கிக்கொள்ளும். வீட்டிலுள்ள தந்தை அன்பும் நீதியும் உடையவனாயின் அச்சொல் இனிக்கும். குடித்துவிட்டு வந்து தாயை வருத்துபவனாயின் அச்சொல் அச்சுறுத்தும். ஆதலின் கிறிஸ்தவக் குடும்பத்தில் அன்பு முந்தியது; விசுவாசம் அதன்மேல் எழுவது. அன்பில்லாத வீட்டில் செபம் நீண்டால், பிள்ளைகள் செபத்தை வெறுக்கக் கற்பரேயன்றி இறைவனை நாடக் கல்லார்.

அவ்வன்பு பெரிய தியாகங்களினால் மாத்திரம் வெளிப்படுவதன்று. பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் அன்பின் இயல்புகளைக் கூறும்போது, முதலிற் குறிப்பிடுவது பொறுமை, அடுத்தது தயவு. இவ்விரண்டும் அடுக்களையிலும் முற்றத்திலும் நாள்தோறும் வேண்டப்படுவன. பிரான்சிஸ் பாப்பரசர் 2016இல் குடும்பத்தின் அன்பு பற்றி விடுத்த மடலில், தயவுசெய்து, நன்றி, மன்னிக்கவும் என்னும் பொருளுடைய மூன்று சொற்களைக் குடும்பத்தார் ஒருவரோடொருவர் வழங்குதல் வேண்டும் என்றார். அந்நியரிடத்தில் இச்சொற்களைத் தாராளமாக வழங்குவோர் மனைவியிடத்தும் மக்களிடத்தும் அவற்றை வழங்கக் கூசுவர். தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டல் மரியாதைக்குக் குறைவு என்பது பலரது எண்ணம். உண்மையில், தவறிய தந்தை தன் தவற்றை ஒப்புக்கொள்ளும்போது, பாவசங்கீர்த்தனம் என்பது யாதென்று பிள்ளை கண்ணாரக் காண்கின்றது. மன்னிக்கும் தாயைக் கண்ட பிள்ளைக்கு இறைவனின் இரக்கத்தைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

சூரியன் மறையுமுன் கோபம் தணிதல் வேண்டும் என்பது அப்போஸ்தலரின் மற்றோர் அறிவுரை. இதற்கும் குடும்ப செபத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. கணவனும் மனைவியும் பகலிலே பிணங்கியிருப்பினும், மாலையில் ஒரே விளக்கின்முன் முழந்தாளிட்டு, எமக்குத் தீமை செய்தோரை மன்னிக்கிறோம் என்னும் கருத்துடைய கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லவேண்டியிருக்கின்றது. அருகிலிருப்பவரோடு பேசாதிருந்துகொண்டு அச்சொற்களைச் சொல்லுதல் எளிதன்று. ஒன்றிற் செபத்தை நிறுத்தவேண்டும். அன்றேற் பிணக்கை நிறுத்தவேண்டும். செபம் நாள் தவறாது நிகழும் வீட்டில் பிணக்கு நெடுங்காலம் நிலைக்க இடமில்லாது போவது இதனாலேயே.

குடும்ப செபம் நிலைபெறுவதற்குச் சில எளிய வழிகளும் உண்டு. அதற்கு ஒரு குறித்த வேளையும் குறித்த இடமும் வேண்டும். அது சுருக்கமாயிருத்தல் வேண்டும். களைத்த பிள்ளைகளுக்கு நீண்ட செபம் தண்டனையாகும். தந்தையும் அதிற் பங்குகொள்ளல் வேண்டும். தாயும் பிள்ளைகளும் செபித்துக்கொண்டிருக்கத் தந்தை விறாந்தையில் அமர்ந்திருப்பானாயின், செபம் பெரியோருக்கு உரியதன்று என்னும் பாடத்தை ஆண்பிள்ளைகள் விரைவிற் கற்றுக்கொள்வர். பிள்ளைகள் தாமே ஒரு வேதபகுதியை வாசித்தற்கும், தம் சொற்களில் ஒரு வேண்டுதலைக் கூறுதற்கும் முறை வகுத்தல் நன்று. நோயுற்ற அயலார், தேர்வெழுதும் மாணவர், கடலுக்குச் சென்றோர், காணாமற் போனோர் ஆகியோரைப் பெயர் கூறி நினைத்தல் இன்னும் நன்று. தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தை வாசித்தல் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் வழங்கிவரும் பழைய மரபு. யோசேவாஸ் அடிகளின் பணியைத் தொடர 1705இல் இலங்கைக்கு வந்த அவர், பிற நாட்டவராயினும் தமிழையும் சிங்களத்தையும் கற்று, மக்கள் தம் மொழியிலேயே செபிக்க நூல்கள் இயற்றினார். சொந்த மொழியிற் செபித்தல் சொந்த இல்லத்திற் செபித்தலுக்கு ஒப்பானது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒல்லாந்தர் தோம்பிலே செய்ததனைப் பெற்றோர் தம் வீட்டிலே செய்தலும் கூடும். பிரம்பைக் காட்டிச் செபிக்கவைத்தல், கோயிலுக்குச் செல்லாத மகனை ஊரார் முன் இழித்துரைத்தல், ஐயத்தோடு வினவும் மகளின் வாயை அடைத்தல் ஆகியவை வீட்டுக்குள் எழுதப்படும் தோம்புகள். கட்டாயம் நீங்கும் நாளில், அதாவது பிள்ளை வளர்ந்து வீட்டைவிட்டு நீங்கும் நாளில், அப்பெயர்களும் பெயர்களாகவே நிற்கும். வளர்ந்த பிள்ளையின் ஐயம் பெற்றோருக்கு வருத்தந் தருவதே. எனினும் அதற்கு மருந்து சினமன்று, பொறுமை. புனித அகுஸ்தீனின் தாயாகிய புனித மோனிக்கம்மாள் இதற்கு எடுத்துக்காட்டு. அகுஸ்தீன் 354இல் வட ஆபிரிக்காவிற் பிறந்தவர். இளமையில் வேறு கொள்கைகளை நாடி, தாயின் மனத்தை வருத்தியவர். தாய் அவரைத் தொடர்ந்து இத்தாலிக்கும் சென்றாள். கண்டித்தாள், கண்ணீர் விட்டாள், செபித்தாள். ஆயினும் அவரோடு உறவை முறிக்கவில்லை. தம் மனப்போராட்டத்தைத் தாமே நடத்தி முடித்து, 387இல் மிலான் நகரில் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டிலேயே மோனிக்கம்மாள் காலமானாள். ஆண்டுகள் பலவாயினும் திறந்தே இருந்த ஒரு வாசல், அடைத்த வாசலினும் வலிமையுடையது என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது.

இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி கிறிஸ்தவர், எல்லாத் திருச்சபையினரும் சேர்ந்து, நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேற்பட்டோராவர். அவர்தம் இல்லங்களை இன்று வருத்துவது சமயத் தடையன்று. ஒன்றுகூட நேரமின்மையும் பிரிவுமே. பாடசாலை முடிந்து தனியார் வகுப்பு. அது முடிய இரவு. ஞாயிற்றுக்கிழமையும் பல பிள்ளைகளுக்கு வகுப்பு நாளாகிவிட்டது. வீட்டில் அனைவரும் இருக்கும் ஒரு மணி நேரத்திலும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொலைபேசி இருக்கின்றது. போரினாலும் இடப்பெயர்வினாலும் குடும்பங்கள் பல நாடுகளிற் சிதறின. வீட்டு வேலைக்கு மேற்காசிய நாடுகளுக்குச் சென்ற தாய்மாரின் பிள்ளைகள் பாட்டிமாரிடம் வளர்கின்றனர். சமய போதனையை மறைக்கல்வி ஆசிரியரிடமும் பாடசாலையிடமும் ஒப்படைத்துவிட்டு, தம் கடமை முடிந்தது என்று அமைதியடையும் பெற்றோரும் உளர். வாரத்தில் ஒரு மணி நேரம் கற்பிக்கும் ஆசிரியர், நாள்தோறும் வீட்டிற் காணப்படாத ஒன்றை நிலைநாட்டுதல் அரிது.

எனினும் இவ்விடர்களுக்கு நடுவிலும் வழி அடைபடவில்லை. தொலைதூர நாடொன்றிலுள்ள மகனும் ஊரிலுள்ள தாயும் தொலைபேசி வழியாக ஒரே வேளையில் செபமாலை சொல்லும் வீடுகள் உண்டு. பிரிக்கும் கருவி என்று பழிக்கப்படுவதே அங்குச் சேர்க்கும் கருவியாகின்றது. அண்மைக் காலத்தில் ஆலயக் கதவுகள் இருமுறை அடைபட்டதையும் நேயர்கள் அறிவர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகள் சிலவற்றிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குடும்பமாக வழிபடச் சென்றோர் குடும்பமாகவே மடிந்தனர். அடுத்த ஞாயிறன்று கத்தோலிக்க ஆலயங்களில் பொதுப் பூசை நிகழவில்லை. மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சி வழியாகப் பூசையிற் பங்குகொண்டனர். 2020இல் கொரோனாத் தொற்றினால் ஆலயங்கள் மீண்டும் மூடப்பட்டன. அந்நாட்களில் செபிக்கும் பழக்கமுள்ள வீடு எளிதிற் கோயிலாயிற்று. அப்பழக்கமில்லாத வீட்டார், ஆலயம் அடைபட்டதும் எங்கே தொடங்குவது என்று அறியாது திகைத்தனர். 1658இற் கேட்கப்பட்ட கேள்வியே மீண்டுங் கேட்கப்பட்டது: கோயிற் கதவு சாத்தப்பட்டால் வீட்டில் எஞ்சுவது யாது?

உயிர்த்த ஞாயிற்றின் துயரம் மற்றொரு கேள்வியையும் எழுப்பியது. உற்றாரை இழந்த பிள்ளைக்கு வீட்டில் எதனைக் கற்பிப்பது? அத்தீச்செயலைச் செய்தோர் சிலர். அவர்களின் சமயத்தவர் அனைவரையும் பகைக்கக் கற்பித்தல் எளிது. நீதியை வேண்டிக்கொண்டே பகையை மறுக்கக் கற்பித்தல் கடினம். கிறிஸ்தவ அன்பு சோதிக்கப்படுவது இவ்விடத்திலேயே. தன் வீட்டாரை மாத்திரம் நேசிக்கும் குடும்பம் இன்னும் அன்பின் அரிச்சுவடியிலேயே நிற்கின்றது. தமிழ்க் கிறிஸ்தவர் பலரின் இரத்த உறவினர் சைவர். அயலார் இஸ்லாமியரும் பௌத்தருமாவர். தைப்பொங்கலன்று அயல்வீட்டுப் பொங்கல் வருவதும், நத்தாரன்று பலகாரத் தட்டு அயல்வீட்டுக்குச் செல்வதும் வெறும் உபசாரம் அல்ல. அவை பிள்ளைகளின் கண்முன் நடைபெறும் அன்பின் பாடங்கள். பெரியம்மை கண்ட கண்டி நகரில் யோசேவாஸ் அடிகள் நோயாளரின் சமயத்தை வினவிப் பணிசெய்தாரில்லை.

விசுவாசம் முன்னோர் தேடிவைத்த முதுசம் போன்றது என்று கூறுதல் வழக்கம். முதுசக் காணியை உறுதியில் எழுதிப் பிள்ளைக்கு மாற்றலாம். விசுவாசத்தை அவ்வாறு மாற்ற இயலாது. உழுதும் விதைத்தும் நீர்பாய்ச்சியும் காட்டினாலன்றி, அக்காணி தன்னுடையது என்பதை எந்தப் பிள்ளையும் உணராது. ஒல்லாந்தர் காலத்துத் தாய்மார் தம் பிள்ளைகளுக்கு உறுதி எழுதிக் கொடுத்தவர்கள் அல்லர். கைப்பிடித்து அழைத்துச் சென்று நிலத்தைக் காட்டியவர்கள். அவர்கள் காலத்தில் அச்செபத்துக்குக் கொடுக்கவேண்டிய விலை உயிராகவும் இருந்தது. இன்று வேண்டப்படுவது மாலையிற் கால் மணி நேரமும், பிணங்கியவர்பால் முதலிற் பேச முற்படும் தாழ்மையுமே. அவ்விரண்டையும் கொடுக்க ஒருப்படும் குடும்பம் தன் பிள்ளைகளின் வருங்காலத்தைக் குறித்து அஞ்சவேண்டியதில்லை. எந்நாட்டுக்குச் சென்றாலும், எவ்வாலயம் அடைபட்டாலும், அப்பிள்ளைகள் தம் முதற் கோயிலைத் தம்மோடு கொண்டுசெல்வர்.